தண்ணுமை ஆசானும் ட்ரம்ஸ் சிவமணியும்: ஒரு மதிப்பீடு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நம்மில் பெரும்பாலோர் மாதவியின் ஆட்டத்துக்காகவே படிக்கிறோம். ஆனால் மாதவி மேடை ஏறுவதற்கு முன்னாலேயே இளங்கோவடிகள் ஆடல் ஆசான், இசை ஆசான், பாட்டுக் கட்டும் புலவன், தண்ணுமை ஆசான், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவராக இருக்கணும் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தண்ணுமை என்பது முழவு. அதை வாசிப்பவனுக்கு அடிகள் வைத்திருக்கும் இலக்கணம் கடுமையானது. ஆடலும் பாடலும் பண்ணும் தாளமும் அவனுக்கு அத்துபடியாக இருக்க வேண்டும். பக்கத்துக் கருவி எங்கே தளர்கிறதோ அங்கே நிரப்ப வேண்டும். எங்கே நிறைந்து ஒலிக்கிறதோ அங்கே அடங்க வேண்டும். யாழையும் குழலையும் பாடுகிறவரின் குரலையும் தன் சத்தத்தால் மூடிவிடக் கூடாது. விரலின் கெட்டிக்காரத்தனத்தைவிடக் காதின் கூர்மையைத்தான் அடிகள் கேட்கிறார்.

நம் சங்க மலருக்கு இந்த ஆண்டு நான் ட்ரம்ஸ் வாத்தியத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழு அன்பர்கள் சிலர், "நைனார், உங்ககிட்டேயிருந்து இலக்கியம் வரும்னு பார்த்தோமே" என்று இழுத்தார்கள். அவர்களுக்காகத்தான் இலக்கியத்திலிருந்தே தொடங்கினேன். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்த அளவுகோலை இன்றைக்கு உலகம் சுற்றும் ஒரு தமிழ் ட்ரம்ஸ்காரர் மேல் வைத்துப் பார்க்க ஆசை. அவர் ஆனந்தன் சிவமணி.

1959 டிசம்பர் 1 அன்று சென்னையில் பிறந்தவர். தகப்பனார் எஸ். எம். ஆனந்தன் சினிமா இசைக்குழுக்களில் தாளவாத்தியம் வாசித்தவர். பையன் ஏழு வயதில் குச்சியைப் பிடித்தான். பதினொன்று பன்னிரண்டு வயதிலேயே, அதாவது 1971 வாக்கில், சம்பளத்துக்கு வாசிக்க வந்துவிட்டான். எஸ். பி. பாலசுப்ரமணியம் அவர்களின் மேடைக் கச்சேரிகளில் நெடுநாள் வாசித்தார். குன்னக்குடி வைத்தியநாதன், வலையப்பட்டி சுப்பிரமணியம், டி. வி. கோபாலகிருஷ்ணன், பாலக்காடு ரகு, எல். சங்கர் என்று கர்நாடக சங்கீதத்தின் பெரிய கைகளோடும் உட்கார்ந்தார். தனக்கு ஆதர்சம் என்று அவர் சொல்பவர்களில் இரண்டு பேர் ட்ரம்ஸ்காரர்கள். ஒருவர் சென்னை ஸ்டுடியோக்களில் ட்ரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட். இன்னொருவர் பில்லி காபம்.

பில்லி காபம் யார் என்று தெரிந்தால்தான் சிவமணி எங்கே நிற்கிறார் என்பது விளங்கும். பனாமாவில் 1944-ல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். 1971-ல் ஜான் மக்லாஃப்லின் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் ட்ரம்ஸ்காரர். ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக வரும் தாளங்களை மின்சாரக் கிட்டாருக்கு ஈடாக இடிபோல முழக்கியவர். பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, அந்தக் குழுவுக்கு இந்தியாவிலிருந்து கொஞ்சம் காற்று வீசியிருக்கிறது. ஆக, நம்மிடமிருந்து போன கணக்கு அமெரிக்கா சுற்றி, இசைத்தட்டு வழியாகச் சென்னைப் பையனிடமே திரும்ப வந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து கப்பலேறிய மிளகு மசாலா டப்பாவாகத் திரும்பி வருகிறதே, அதே கதைதான்!

ஜாஸ் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் நான் சொல்வது இது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், தேவாலயப் பாட்டு, ஊர்வல பாண்டு, தங்கள் துயரப் பாட்டு எல்லாவற்றையும் கலந்து உண்டாக்கியது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பது அதன் உயிர். நம்ம நிரவல், கல்பனாஸ்வரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர்வலத்தில் பெரிய முரசை ஒருவர், சின்ன முரசை ஒருவர், தாளத்தட்டை ஒருவர் என்று மூன்று பேர் வாசித்ததை ஒருவரே உட்கார்ந்து வாசிக்கும்படி செய்ததுதான் ட்ரம்ஸ் செட். காலால் மிதித்துப் பெரிய முரசை அடிக்கும் மிதிகட்டை 1909 வாக்கில் லட்விக் என்பவரின் கைவண்ணத்தில் நன்றாக அமைந்த பிறகு அது நிலைத்தது. பல முகங்களை ஒரே ஆள் ஆள்வது நமக்குப் புதிதா? திருவாரூர்க் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்தைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஒரே குடத்தில் ஐந்து முகம். குடமுழா என்று பழைய நூல்கள் சொல்வது அதைத்தான்.

ஜாஸில் பெரிய மாற்றம் 1940களில் வந்தது. அதுவரை காலடியில் பெரிய முரசில் இருந்த காலப்பிரமாணத்தை கென்னி கிளார்க் என்பவர் மேலே இருக்கும் வெண்கலத் தட்டுக்குக் கொண்டுபோனார். கால் விடுதலையாயிற்று. வேண்டிய இடத்தில் மட்டும் 'டும்' என்று போட்டு மற்றவர்களைச் சீண்டலாம், தாங்கலாம். தட்டில் ஓடும் அந்த நடை கேட்கச் சதுஸ்ரம் போலிருக்கும். உள்ளே திஸ்ரம் ஒளிந்திருக்கும். மூன்றின் முதலும் கடைசியும் விழும், நடுவில் உள்ளது விழாது. விழாத அந்த நடு எழுத்தில்தான் ஜாஸின் ஆட்டமே இருக்கிறது. நான்கு நான்கு ஆவர்த்தமாக மாறிமாறி வாசிக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு அது அந்நியமே இல்லை.

இதை அவர்களும் உணர்ந்தார்கள். 1958-ல் டேவ் புரூபெக் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்தபோது அதன் ட்ரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். புதுக்கோட்டை வழியில் வந்த பிள்ளைவாள் இடது கைக்காரர். அதனாலேயே தொடக்க காலத்தில் மேடை கிடைக்காமல் அல்லல்பட்டவர். மறு வருஷம், 1959-ல், அதே குழு ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் 'டேக் ஃபைவ்' என்ற இசையை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. சென்னைச் சந்திப்புதான் அதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டால் நம்மவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் ஐந்து எண்ணிக்கை துருக்கியிலும் பல்கேரியாவிலும்கூட உண்டு. கண்ட சாப்பு இரண்டும் மூன்றுமாக நடக்கும், அந்த அமெரிக்க இசை மூன்றும் இரண்டுமாக நடக்கும். உறவு உண்டு, உரிமை கொண்டாட வேண்டாம்.

சிவமணிக்கு வருவோம். 1990-ல் பம்பாய் ரங் பவன் திறந்தவெளி அரங்கில் திரிலோக் குர்ட்டு, ஜாகிர் உசேன் இருவரோடும் வாசித்த கச்சேரிதான் அவருக்குத் திருப்புமுனை. 1978-ல் தொடங்கிய ஜாஸ் யாத்ரா விழாக்களால் பெயர் பெற்ற அரங்கம் அது. சத்தக் கட்டுப்பாட்டு விதிகளால் பின்னாளில் அங்கே கச்சேரி நின்றுபோயிற்று. அந்த மேடையிலிருந்து இறங்கிய இரண்டு ட்ரம்ஸ்காரர்களும் இரண்டு திசைக்குப் போனார்கள். சிவமணியின் வாழ்க்கையை எடை போட அந்த இரண்டு திசைகளையும் பார்த்தாக வேண்டும்.

திரிலோக் குர்ட்டு 1951-ல் பம்பாயில் பிறந்தவர். தாயார் தும்ரி பாடிப் புகழ்பெற்ற ஷோபா குர்ட்டு. சிறுவயதில் தபலா. எழுபதுகளில் ஐரோப்பா போய் டான் செரி, சார்லி மரியானோ போன்ற ஜாஸ்காரர்களோடு வாசித்து, 1984-ல் காலின் வால்காட் விபத்தில் இறந்த பின் ஆரிகன் குழுவில் சேர்ந்து, பிறகு மக்லாஃப்லினோடு மூவர் குழுவில் உலகம் சுற்றினார். நாற்காலியை விட்டுத் தரையில் அரை மண்டி போட்டு, தபலாவும் தட்டுகளும் முரசுகளும் சுற்றி வைத்து, ஒலிக்கும் வெண்கலத்தைத் தண்ணீர் வாளியில் இறக்கிச் சுருதியை வளைத்து, யாருக்கும் இல்லாத ஒரு அமைப்பை உண்டாக்கினார். 1988-ல் 'அஸ்ஃப்ரெட்' என்ற முதல் தட்டில் தாயாரையே பாடவைத்தார். அதற்குப் பிறகும் தன் பெயரில் தட்டு மேல் தட்டாகத் தந்திருக்கிறார். இன்றைக்கு ஒருவர் குர்ட்டுவைப் படிக்க வேண்டுமென்றால் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகலாம்.

சென்னையிலே பிறந்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ரமேஷ் ஷோத்தம். எழுபதுகளில் ஹ்யூமன் பாண்டேஜ் என்ற ராக் குழுவில் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தவர், பெங்களூரில் டி. ஏ. எஸ். மணியிடம் போய் நம் தாளக் கணக்கைப் பாடமாகக் கற்று, ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறினார். ஜெர்மானிய ஜாஸ் மேடையில் தவில் வாசிக்கிறவர்! திருவையாறு பக்கம் பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது.

சிவமணி போகவில்லை. இந்தியாவிலேயே இருந்தார். வாழ்நாளின் பெரும் பங்கை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுத்தார். ஏ. ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு இசையமைக்க வருவதற்கு முன்பே 'ரூட்ஸ்' குழுவில் இருவரும் கூட்டாளிகள். 1992-ல் 'ரோஜா' தொடங்கி 'தாள்', 'லகான்' என்று அந்தத் தாளம் இந்தியா முழுக்கப் போயிற்று. லூயி பேங்க்ஸ், சங்கர் மகாதேவன், கார்ல் பீட்டர்ஸ் ஆகியோரோடு 'சில்க்' என்ற குழுவில் ஜாஸ் கலந்த இசையும் வாசித்தார். 2008-ல் ஐபிஎல் வந்தபோது சேப்பாக்கத்தில் சென்னை அணிக்காக முழக்கினார். 2014-ல் 'அரிமா நம்பி', 2016-ல் 'கணிதன்' படங்களுக்கு இசையமைத்தார். 2019-ல் பத்மஸ்ரீ. பட்டியல் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் குர்ட்டுவைப் போல இவரை வரிசையாகக் கேட்க முடியுமா? 'மகாலீலா' போல ஒன்றிரண்டு போக, மிச்சமெல்லாம் அடுத்தவர் பாட்டுக்குள்ளே சிதறிக் கிடக்கிறது. இது குறையா?

அரங்கேற்று காதை ஆசானைக் கேட்டால் குறை இல்லை என்பார். தண்ணுமையின் வேலையே அடுத்தவரின் பாட்டுக்குள் கரைவதுதானே. என் எண்ணமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சிவமணியின் சிறந்த வாசிப்பு எது என்று கேட்டால், ஜனங்கள் சூட்கேஸை அடிப்பதையும் தண்ணீர் கேனை அடிப்பதையும் சொல்வார்கள். நான் அவர் பக்கவாத்தியமாக வாசிக்கும் இடங்களைச் சொல்வேன். வயலினோ குரலோ முன்னால் போகும்போது குச்சியை வைத்துவிட்டு வெறுங்கையால் தொடுவது, ஒரு ஆவர்த்தம் முழுக்கச் சும்மா இருந்து ஒரே ஒரு சிம்பல் ஒலியை விடுவது, பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சின்ன உருட்டு. குன்னக்குடி, வலையப்பட்டி போன்றவர்களோடு பழகியதன் பலன் இங்கேதான் தெரிகிறது. தவிலும் ட்ரம்ஸும் ஒரே மேடையில் இருந்தால் யார் பெரியவன் என்ற சண்டைதான் வரும் என்று பயப்படுவோம். அடங்கத் தெரிந்தவருக்கு அந்தச் சண்டை கிடையாது.

தனியாக வாசிக்கும்போது கதை வேறு. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, சங்கு ஊதித் தொடங்கி, உடுக்கை, கஞ்சிரா, கடம், மணிகள், தகரம், வாளி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே போகிறார். கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. பாட்டியும் பேரனும் ஒன்றாகச் சிரித்துக் கேட்கிற தாள இசை வேறு எங்கே இருக்கிறது? ஆனாலும் மிளகு வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. கறுப்பாய்ப் பளபளப்பாய் இருக்கும் மிளகையும் லிட்டர் படியில் கொட்டித் தராசில் வைப்போம். லிட்டர் வெயிட் ஐந்நூற்றைம்பது கிராம் வந்தால் கெட்டி மிளகு. உள்ளே பொக்காக இருந்தால் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், தராசு சொல்லிவிடும். சிவமணியின் தனி வாசிப்புகள் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வெயிட் குறைகிறது. ஒரு ஒலியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வேகத்தில், எடுத்த கணக்கு வளர்ந்து கோர்வையாக வந்து சமத்தில் விழ நேரம் இல்லாமல் போகிறது.

இதை நம் வீட்டு வாசலிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் உற்சவத்தில் பஞ்சாரி மேளம் கேட்காதவர்கள் நம்மில் யாராவது உண்டா? தொண்ணூற்றாறு அட்சரத்தில் நத்தை போலத் தொடங்கும். பிறகு நாற்பத்தெட்டு, இருபத்துநான்கு, பன்னிரண்டு என்று பாதி பாதியாகச் சுருங்கி ஆறுக்கு வந்து நிற்கும். முதல் காலத்தில் பொறுமை இழந்து டீ குடிக்கப் போகிறவர்களுக்குக் கடைசிக் காலத்தின் வெறி புரியாது. அது சும்மா இரைச்சல். தாயம்பகையிலும் பதிகாலத்தில் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் இருகிட வரை கட்டிடம் எழும்புகிறது. சிவமணியின் தனி வாசிப்பு பெரும்பாலும் மேளம் முடிகிற வேகத்தில் தொடங்குகிறது. பிறகு எங்கே போவது? தொலைக்காட்சி கொடுக்கும் ஐந்து நிமிஷத்தில் தொண்ணூற்றாறு அட்சரத்துக்கு இடமில்லை என்பதும் வாஸ்தவம்தான். ஆகவே குற்றத்தில் பாதியைக் கேட்கிற நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜாஸ்காரரா அவர் என்ற கேள்விக்கும் என் பதில் இதை ஒட்டியதே. கென்னி கிளார்க் தொடங்கிய அந்த வெண்கல நடையை மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடவிட்டு அதன் மேல் பேசுவது அவர் வழி அல்ல. அவர் ஜாஸிலிருந்து எடுத்துக்கொண்டது சுதந்திரத்தை. கையில் எது கிடைத்தாலும் அது வாத்தியம், எதிரில் யார் உட்கார்ந்தாலும் அந்த நிமிஷமே பேச்சைத் தொடங்கலாம் என்ற துணிச்சலை. குர்ட்டு எடுத்துக்கொண்டது கட்டுப்பாட்டையும் சேர்த்து. இந்த அளவில் குர்ட்டுவின் தராசுத் தட்டு தாழ்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பக்கவாத்தியத்தில் சிவமணியின் தட்டு தாழும்.

மொழி ஆராய்ச்சிக்கும் ஒரு வார்த்தை. அடியார்க்கு நல்லார் தம் உரையில் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு என்றெல்லாம் வகைப்படுத்தி, பேரிகை, படகம், மத்தளம், சல்லிகை, கரடிகை, இடக்கை, திமிலை, குடமுழா என்று முப்பதுக்குக் குறையாமல் பெயர் அடுக்குகிறார். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் இன்றைக்குப் பேரளவில்தான் தெரியும். திமிலையும் இடக்கையும் எங்கே உயிரோடு இருக்கின்றன? நாம் குடியிருக்கும் இந்தக் கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில். அடிகள் இருந்த குணவாயிற் கோட்டம் கொடுங்கல்லூருக்குப் பக்கத்து மதிலகம்தான் என்று சொல்வோர் உண்டு. (வஞ்சி கரூரே என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.) இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் எர்ணாகுளத்தப்பன் கோயிலில் இடக்கையைக் கேட்கும்போது வேற்று நாட்டு வாத்தியத்தைக் கேட்பதாக எண்ணுகிறார்கள். உரையாசிரியர் பட்டியலை ஒரு தரம் வீட்டில் வாசித்துக் காட்டினால் அந்த எண்ணம் போய்விடும்.

திணைக்கு ஒரு பறை என்று வகுத்த தொல்காப்பியத்தை உடைய நாம், தோலைத் தொடுகிறவனை எட்டி நிற்க வைத்தோம். ட்ரம்ஸ் செட் வந்தபோதும் அதை ஓட்டல், கல்யாணப் பாட்டுக் கச்சேரி சமாச்சாரம் என்று ஒதுக்கினோம். எங்கள் சமண வீடுகளில் இதற்கு மேல் இன்னொரு தடை. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வேணுமே, அகிம்சைக்கு ஆகாதே என்று பெரியவர்கள் யோசிப்பார்கள். 1950களின் பின்பாதியிலேயே ட்ரம்ஸ் முகத்துக்குப் பிளாஸ்டிக் தகடு வந்து, உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்ற செய்தியை நம் சமூகத்துத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். பேரன் ட்ரம்ஸ் கேட்டு அழுதால் தர்மத்தைக் காட்டி மறுக்க வழியில்லை. அக்கம்பக்கத்துக்காரர்களைக் காட்டி வேண்டுமானால் மறுக்கலாம்.

கடைசியாக ஒன்று. பழைய சினிமா இசைத்தட்டு உறைகளில் நடிகர் படம் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்காது. ரஹ்மானின் ஒலிநாடாக்களில் வாசித்தவர் பெயர்கள் அச்சான பிறகுதான் 'சிவமணி' என்ற பெயரை வீட்டில் உட்கார்ந்து படித்தோம். அவருக்கு ஆதர்சமாக இருந்த நோயல் கிராண்டின் வாசிப்பு எந்தெந்தப் பாட்டில் இருக்கிறது என்று இன்று ஒரு கடையில் போய்க் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. இளையராஜாவின் பாட்டுக்களில் பல்லாண்டு ட்ரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் 2020-ல் மறைந்தார். அவர் வாசிப்பைத் தினம் கேட்டும் முகம் அறியாதவர்களே நம்மில் அதிகம். எஸ்.பி.பி.யும் அதே வருஷம் போனார். ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் போய்விட்டார். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் எந்தத் தேதியில் யார் எதை வாசித்தார்கள் என்ற கணக்கு, சம்பளப் புத்தகங்களிலும் ஒரு சில முதியவர்களின் ஞாபகத்திலும் மட்டுமே இருக்கிறது. நம் சங்கத்து இளைஞர்களில் சென்னைக்கு அடிக்கடி போய் வருகிறவர்கள் உண்டு. சாலிகிராமம், வடபழனி பக்கம் அந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனால், முதல் பக்கத்தில் நோயல் கிராண்ட் என்ற தலைப்பை எழுதிவைத்துக் கேட்கத் தொடங்கலாம்.